கடல் பார்த்த வீடு

கேளம்பாக்கத்து உப்பளங்களைத் தாண்டி மாமல்லபுரம் வரைக்கும் போய்ப் பாருங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்று அமோகமாக விளைவது நெல்லும் உப்பும் அல்ல, அக்ரிமெண்ட். கட்டுக் கட்டாகத் தாள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாங்குகிறவர் கையெழுத்து. முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் யாராவது இருந்தால் அவருக்கு ஐந்து ரதங்களின் பக்கத்தில் ஆறாவதாக ஒன்று செதுக்கலாம்.

வாங்குகிறவர் பணம் கட்ட வேண்டிய பக்கத்தை எடுங்கள். அங்கே தமிழும் ஆங்கிலமும் சட்டமும் கணக்கும் கைகோத்து நிற்கும். தேதி இருக்கும், ரூபாய் இருக்கும், தவணை தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்றும் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. இனி வீட்டை ஒப்படைக்கும் பக்கம். "அனைத்து அனுமதிகளும் கிடைத்த நாளிலிருந்து சுமார் 36 மாதங்களுக்குள், சலுகைக் காலம் நீங்கலாக, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களுக்கு உட்பட்டு, ஒப்படைக்க முயற்சி மேற்கொள்ளப்படும்." இந்த ரகத்தில் ஒரு வாசகம். எந்த அனுமதி? பிளான் அப்ரூவலா, தீயணைப்புத் துறையா, கடைசியில் வரும் ஈபி கனெக்ஷனா? முயற்சி என்றால் எவ்வளவு? இரண்டு பக்கத்தையும் எழுதியவர் ஒரே வக்கீல்தான். முதல் பக்கத்தில் ஆடிட்டராக இருந்தவர் அடுத்த பக்கத்தில் ஜோசியராகிவிட்டார். ஜோசியராவது தை பிறந்தால் வழி பிறக்கும் என்று மாதத்தைச் சொல்லிவிடுவார்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்கிறவர்கள் நல்ல மனிதர்கள். நான் அவ்வளவு நல்லவன் இல்லை. பில்டருக்குக் காசு வரும் வாக்கியத்தில் ஒருபோதும் வராத குழப்பம், காசு போகும் வாக்கியத்தில் மட்டும் தவறாமல் வருகிறது என்றால் அது குறை அல்ல, தொழில் நேர்த்தி.

பில்டருக்கு இந்தக் கரையில் இயற்கையும் துணை. வர்தா வந்தது, மிக்ஜாம் வந்தது, ஃபெஞ்சல் வந்தது. புயல் இரண்டு நாளில் கரையைக் கடந்துவிடும், அக்ரிமெண்டில் மட்டும் இரண்டு வருடம் மையம் கொண்டிருக்கும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா, போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், இயற்கையால் வரும் பிற பேரிடர் என்று தவிர்க்க முடியாத நிகழ்வுகளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறது. பில்டரின் பட்டியலில் மணல் தட்டுப்பாடும், ஊருக்குப் போன மேஸ்திரியும், சிமெண்ட் விலையும் பேரிடர்கள். விலை ஏறியதை எல்லாம் தவிர்க்க முடியாத நிகழ்வு என்று சொல்ல முடியாது என்று எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இலேயே சொல்லியாகிவிட்டது. அது மின்சார கம்பெனிகளின் வழக்கு. நம் ஊர் சேல்ஸ் ஆபீஸுக்கு அந்தத் தீர்ப்பின் பிரதி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

இதே மண்ணில் பல்லவர்கள் நிலம் கொடுத்தபோது எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டதாகச் செப்பேட்டில் எழுதிவைத்தார்கள். சோழர் காலத்தில் பெண் யானையை நடத்திச் சுற்றி எல்லை காட்டினார்கள். நான்கு திசைக்கும் எது எல்லை என்று செம்பில் வெட்டினார்கள். இன்றைய பில்டரின் பிரசுரத்தில், பழைய மாமல்லபுரம் சாலையான ஓஎம்ஆரிலேயே நிற்கும் கட்டடம் "கடல் பார்த்த வீடு". கடல் பார்த்தது உண்மைதான், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மீது ஏறி நின்றால்.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவைப் படித்தால் சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும். பொருள் நிச்சயமில்லாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. உதாரணம்: என் வெள்ளைக் குதிரையை 500 ரூபாய்க்கோ 1,000 ரூபாய்க்கோ விற்கிறேன் என்று எழுதினால் செல்லாது. நூறு டன் எண்ணெய் என்று மட்டும் எழுதினால் செல்லாது, விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்பவர் என்றால் செல்லும். குதிரைக்கும் எண்ணெய்க்கும் இவ்வளவு அக்கறை எடுத்த சட்டத்தின் நிழலில்தான், ஆயுள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டுக்குச் "சுமார்" என்று ஒரு தேதி.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. இன்சூரன்ஸ் பாலிசியில் வாசகம் இரண்டு அர்த்தம் தந்தால் அதை எழுதிய கம்பெனிக்கு எதிராகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1966இலேயே சொன்னது. பயனியர் அர்பன் வழக்கில், 2019 ஏப்ரலில், ஒரு குர்கான் அக்ரிமெண்டைப் பிரித்துப் பார்த்தது. தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து 39 மாதம், மேலே 180 நாள் சலுகை. அதுவும் தாண்டினால் வாங்கியவர் இன்னும் 12 மாதம் காத்திருந்து, 90 நாள் நோட்டீஸ் கொடுத்து, பணம் திரும்ப இன்னொரு 90 நாள் பொறுத்து, அதன் பிறகே 9 சதவீத வட்டிக்கு வாய் திறக்கலாம். அவர் தவணை தவறினால் 18. இது ஒருதலைப்பட்சம், நேர்மையற்ற வணிகமுறை, இது வாங்கியவரைக் கட்டாது என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டு டிஎல்எஃப் சதர்ன் ஹோம்ஸ் வழக்கு, பெங்களூரு. தாமதத்துக்குச் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். 1,500 சதுர அடிக்கு 7,500 ரூபாய். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது செல்லாது என்று சொல்லி, கூடுதலாக 6 சதவீத வட்டியும் தரச் சொன்னது.

ஆனால் அதே நீதிமன்றம் 2004இல் ஹர்சந்த் ராய் வழக்கில் என்ன செய்தது? கொள்ளைக்கு இன்சூரன்ஸ் எடுத்தவரின் சரக்கு திருட்டுப் போனது. பூட்டு உடைபடவில்லை, பலாத்காரம் இல்லை, ஆகவே பாலிசி சொன்ன கொள்ளை இது இல்லை என்று பணம் மறுக்கப்பட்டது. சாதாரண மனிதருக்கு இது புரிவது கஷ்டம் என்று தீர்ப்பே ஒப்புக்கொண்டது. கம்பெனிகள் பாலிசியைத் திருத்திக்கொள்ளும் என்று நம்பியது. ஏழைக்குப் பணம், கம்பெனிக்கு நம்பிக்கை என்று பங்கு பிரித்தால் நியாயம். இங்கே பணமும் நம்பிக்கையும் ஒரே பக்கம் போயின. தெளிவாக எழுதி ஏமாற்றினால் எழுத்தே சட்டம். குழப்பி எழுதினால் பல வருடம் வழக்கு. இரண்டிலும் எழுதியவருக்கு நஷ்டம் எங்கே?

ரெராவில் ஜெயித்தவரைக் கேளுங்கள். எழும்பூர் ரெரா அலுவலகத்தில் உத்தரவு கிடைக்கும். பில்டர் கட்டவில்லை என்றால் நில வரி பாக்கி போல வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. காகிதம் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும். அந்தக் காகிதம் எந்த மேஜையில் "சுமார்" எத்தனை மாதம் இருக்கும் என்பது எந்தப் பிரிவிலும் இல்லை.

எனவே வீடு வாங்குகிறவர்களுக்காக நான் ஒரு மாதிரி வாசகம் எழுதியிருக்கிறேன். "எனக்குச் சம்பளம் சம்பந்தப்பட்ட அனைத்து அனுமதிகளும் கிடைத்த நாளிலிருந்து, சுமார் 36 மாதங்களுக்குள், புயல், மழை, மாமனார் வருகை, சிலிண்டர் விலை முதலான கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களுக்கு உட்பட்டு, தவணை கட்ட முயற்சி மேற்கொள்ளப்படும். செக்கில் காட்டியுள்ள தொகை ஓவியரின் கற்பனை. உண்மைத் தொகை மாறுபடலாம்."

இதை எடுத்துக்கொண்டு போய் ஏசி ரூமில் நீட்டிப் பாருங்கள். ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி முகம் மாறிவிடும்.

"சார், இப்படியெல்லாம் குழப்பமா எழுதினா லீகல் டீம் ஒத்துக்க மாட்டாங்க சார்."