படகு ட்ரெய்லர் பேரிங்கை அடையாளங்காணல்: ஒரு கல்வெட்டியல் அணுகுமுறை

1. ஆய்வின் தேவை

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. 1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சை மாவட்டங்களில் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துப் புதிய மாவட்டம் அமைத்தபோதுதான் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று கடலோரமும் நம் கணக்கில் சேர்ந்தது. அன்று முதல் இம்மாவட்டத்துக்கு வாசிக்க வேண்டியவை இரண்டு வகை: மலையில் கல்வெட்டு, கரையில் பேரிங்.

முதல் வகைக்கு ஆளுண்டு. சித்தன்னவாசலையும் குடுமியான்மலையையும் அறிஞர்கள் வரி வரியாக வாசித்துவிட்டார்கள். 1929-ல் சமஸ்தானமே ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளை நூலாக்கியது. ஃபைபர் படகை ஏற்றி இழுக்கும் பழைய ட்ரெய்லரின் பேரிங்கில் தேய்ந்து கிடக்கும் ஐந்து இலக்கத்துக்குத்தான் இன்னும் நாதியில்லை.

2. முன்னாய்வுகள்

கடை வாசலில் நிகழும் வாய்மொழி மரபே இதுவரை உள்ள ஒரே தரவு:

“அண்ணே, நம்ம டெய்லருக்கு பேரிங் ஒரு செட் குடுங்க.”

“எந்த டெய்லருக்குப்பா?”

“அதாண்ணே, நீலக் கலரு அடிச்சது.”

நிறத்தை வைத்துக் காலம் கணிக்கும் இம்முறையை ஓவிய ஆய்வாளர்கள் ஏற்கலாம், பேரிங் ஏற்காது. வண்டியின் வயதும் உதவாது. சட்டம் ஒரு பட்டறையில் வெல்டிங் ஆனது. அச்சு காயலான் கடையிலிருந்து வந்தது. அது அதற்கு முன் எந்த வண்டியைச் சுமந்தது என்பதற்குச் செப்பேடு இல்லை.

3. அழிவின் காரணம்

ரோட்டில் ஓடி வந்த சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கும். அதே சூட்டோடு ட்ரெய்லரைக் கடலுக்குள் பின்னால் தள்ளுவார்கள். உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்க, தேய்ந்த சீல் வழியே உப்புத் தண்ணீர் உள்ளே இழுபடும். பிறகு ஹப்பைக் கழற்றினால் கிரீஸ் பால் காப்பி நிறத்தில் வழியும். ரோலர்களில் துரு புள்ளி புள்ளியாக அரித்திருக்கும்.

4. வாசிப்பு முறை

டீசலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு வளையத்தின் முகத்தைத் துலக்குக. சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும். கல்வெட்டாளர் எடுக்கும் மைப்படிக்கு இது தங்கை முறை.

30206 என்று தெரிந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குக: உள்விட்டம் 30 மில்லிமீட்டர். கடைசி இலக்கம் ஆறா எட்டா என்று பாடபேதம் எழுந்தால் வெர்னியரைக் கொண்டு தீர்ப்பு வழங்கலாம். எட்டாயிருந்தால் 40 காட்டும்.

41.275 என்று வெர்னியர் குழம்பினால் குழப்பம் நம்முடையது. அது அங்குல வம்சம்: 1 5/8 அங்குலம். நாடு 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறியது. அச்சுக்கு யாரும் சொல்லவில்லை. இவ்வம்சத்தில் உள்ளே இருக்கும் கோனுக்கு ஓர் எண், ஹப்பில் இறுகியிருக்கும் கப்புக்கு வேறோர் எண். 18590 கோன் என்றால் அதன் துணை 18520 கப். கோனை மட்டும் மாற்றிப் பழைய கப்பிலேயே ஓட்டுவோர், புது ரோலரைப் பழைய பள்ளத்தில் உருட்டுகிறார்கள்.

5. இடைச்செருகல்

எண் தெளிவாகத் தெரிந்தாலும் நம்பிவிடக் கூடாது. முன்பு ஒருவர் கிடைத்த பேரிங்கை மாட்டி, ஆடிய இடத்தில் தகடு வெட்டிச் சுற்றி இறுக்கியிருக்கலாம். அத்தகைய பிரதியில் எண் மெய், இடம் பொய். ஆகவே பேரிங்கின் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்தபின், அச்சில் அது உட்காரும் இடத்தையும் ஹப்பின் துளையையும் தனியே அளக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் எண்ணை ஏற்கலாம். முரண்பட்டால் அச்சு சொல்வதே மூலபாடம்.

6. முடிவும் மேலாய்வும்

1898-ல் ஹென்றி டிம்கன் சாய்வு ரோலர் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தது குதிரை வண்டி. பாக் நீரிணையின் உப்பு அவர் கணக்கில் இல்லை. அது நம் பொறுப்பு. எனவே கடைக்குப் போகிறவர் வண்டியின் நிறத்தை வீட்டில் விட்டுவிட்டு, செத்த பேரிங்கைக் கோனும் கப்புமாகத் துணியில் சுற்றி எடுத்துப் போகட்டும். அச்சின் அளவு சட்டைப் பையில் இருக்கட்டும்.

எதிர்கால ஆய்வாளர்க்கு ஒரு தலைப்பை விட்டுவைக்கிறோம்: பேரிங்குக்குப் பேரம் பேசி, கிரீஸுக்கும் பேரம் பேசி வாங்குகிறவர், எல்லாவற்றிலும் விலை குறைந்த சீலை மட்டும் ‘பழசே நல்லாத்தான் இருக்கு’ என்று திரும்ப மாட்டுவது ஏன்? முனைவர் பட்டத்துக்குப் போதுமான பொருள். களப்பணிக்கு ட்ரெய்லர்களும் தட்டுப்படாமல் போகாது.