ஷ்டுட்கார்ட்டிலிருந்து மாமாவுக்கு

மாமா அவர்களுக்கு, 

வாட்ஸாப்பில் எழுதுகிறவர்கள் வல்லினம் மிகும் இடங்களை வாய்க்காலில் தள்ளிவிடுகிறார்கள் என்பதற்காக அந்தச் சாதனத்தை இன்றுவரை விலக்கிவைத்திருக்கும் தாங்கள், நீல மையால் நான்கு பக்கம் எழுதித் தபாலில் சேர்த்த கடிதம், பதினாறு நாள் பிரயாணம் செய்து சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. என் முந்தைய கடிதத்தையும், பதினொரு பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, அதனுடன் வைத்து அனுப்பியிருந்தீர்கள். மேலதிகாரியின் எதிரில்கூடத் தலைகுனியாத ஐம்பது வயதுக்காரன் ஒருவன், ‘முயற்சி’யை ‘முயற்ச்சி’ என்று எழுதிவிட்ட குற்றத்துக்காக, குளிர்தேசத்துச் சமையலறையில் மனைவி மகள் இருவர் முன்னிலையிலும் தலைகுனிந்து நின்ற காட்சியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தங்கள் பேரன் பி.பி.ஏ. இரண்டாம் வருஷத்தை முடிக்கப்போகிறான் என்றும், அடுத்த வருஷத்துக்கு எந்தச் சிறப்புப் பாடத்தை எடுப்பது என்று வீட்டில் கூடிய சபை மூன்று நாளாகக் கலையவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பணத்தைப் பற்றிய படிப்பு என்பதால் ‘ஃபைனான்ஸ்’தான் உசிதம் என்பது மாமியின் கட்சி, கம்பெனியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் ஹெச்.ஆர். மனிதருக்கு எல்லாரும் வணக்கம் வைப்பதைத் தினமும் பார்க்கிறபடியால் ஹெச்.ஆர்.தான் என்பது அவன் அப்பாவின் கட்சி. எதிர்வீட்டுக்காரர், தம் தம்பிக்கு இரண்டு லாரி இருக்கும் காரணத்தால், லாஜிஸ்டிக்ஸ் கட்சி. பையனோ, தன் பெஞ்சுக்காரர்கள் மூவரும் எடுக்கிறார்கள் என்பதால் மார்க்கெட்டிங் கட்சி. எந்தக் கட்சியிலும் சேராத தாங்கள், “ஜெர்மனியில் இருக்கிறவனைக் கேட்போம்” என்று தீர்ப்பை என் தலையில் ஏற்றிவிட்டீர்கள்.

ஜெர்மனியில் இருக்கிறவனின் யோக்கியதை தங்களுக்குத் தெரியாததல்ல. காஞ்சிபுரத்தில் நான் பி.காம். சேர்ந்ததற்கு ஒரே காரணம், விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டம் முதலில் இருந்தது. பேனாவில் மை குறைவாக இருந்தது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்படாமல் போயிருந்தால், அதைச் சுற்றி முளைத்த உதிரிபாகக் கம்பெனிகளில் ஒன்றின் ஸ்டோர்ஸில் நான் குமாஸ்தா ஆகியிருக்க மாட்டேன். ஸ்டோர்ஸில் சேராமலிருந்தால், இன்று ஷ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு கிடங்கில் ஜெர்மன் மொழியில் திட்டு வாங்கும் பாக்கியமும் கிட்டியிராது. ஆகையால் என் சொந்த அனுபவத்தை விட்டுவிட்டு, என் மகளின் விருத்தாந்தத்தையே எழுதுகிறேன்.

இங்கே வியாபார நிர்வாகப் படிப்புக்கு ‘பெட்ரீப்ஸ்விர்ட்ஷாஃப்ட்ஸ்லேரே’ என்று பெயர். மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்துக்கொண்டு, இடையில் நிற்காமல் இதைச் சொல்லி முடிப்பவனுக்குப் பாதிப் பட்டம் கொடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். லைப்சிக் நகரத்தில் 1898-இல் வர்த்தகக் கல்லூரி தொடங்கியபோது, கடைக்காரனுக்குக் கல்லூரி எதற்கு என்று பண்டிதர்கள் சிரித்தார்களாம். பின்னர் கொலோனில் ஷ்மாலென்பாக் என்ற பேராசிரியர், இது வெறும் ஏட்டு சாஸ்திரமாக நின்றுவிடக் கூடாது, காரியத்துக்கு உதவும் பிரயோகக் கலையாக இருக்க வேண்டும் என்று 1911, 1912 வாக்கிலேயே வாதாடினார். தாங்கள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்; எந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

மகள் சேர்ந்திருப்பது இந்த மாகாணத்தில் தோன்றிய ‘இரட்டைக் கல்வி’. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் கம்பெனி, மறுபடி வகுப்பு, மறுபடி கம்பெனி என்று மூன்று வருஷம். பிள்ளைகளெல்லாம் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டால் நம்மிடம் யார் வருவார்கள் என்று கவலைப்பட்ட டைம்லர்-பென்ஸ், பாஷ் முதலிய ஷ்டுட்கார்ட் கம்பெனிகள் 1972-இல் செய்த யோசனை இது. 1974-இல் மாகாண அரசு அதற்குக் கழகம் அமைத்தது. 2009-இல் அது பட்டம் வழங்கும் உயர்கல்வி நிலையமாக உயர்ந்தது. இதில் விசேஷம் என்னவென்றால், கல்லூரியில் இடம் கேட்குமுன் ஒரு கம்பெனியைப் பிடித்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். படிப்பு தொடங்கும் மாதத்திலிருந்து, வகுப்பில் தூங்கும் நாட்களுக்கும் சேர்த்து, கம்பெனி சம்பளம் தருகிறது. இதை மாமியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டவும். முதல் தடவை நம்ப மாட்டார்கள்.

சம்பளம் சுலபமாக வரவில்லை. திருமந்திரத்தின் பொருளுக்காகத் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு தடவை நடையாய் நடந்த நம்மூர் ஸ்ரீபெரும்புதூர் உடையவர் ராமானுஜரைத் தாங்கள் எங்களுக்கு உதாரணம் காட்டுவீர்களே, அதைக் குழந்தைக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவள் இருபத்திரண்டு கம்பெனிகளுக்கு எழுதி, பதினெட்டாவது மறுப்புக் கடிதம் வந்த அன்று, “அப்பா, கணக்குப்படி நாளைக்கு மந்திரம் கிடைக்க வேண்டும்” என்றாள். மறுநாளும் மறுப்புத்தான் வந்தது. அதற்கடுத்த வாரம் கிடைத்தது.

சிறப்புப் பாடம் என்ற சங்கதியில் இவர்கள் செய்திருக்கும் பிரிவினையைப் பார்த்தால் நம் சபை மூன்று மாதமானாலும் கலையாது. வங்கிக்குத் தனி, இன்ஷூரன்ஸுக்குத் தனி, சில்லறை வியாபாரத்துக்குத் தனி, பொருட்காட்சி நடத்துவதற்குக்கூடத் தனி. ஹைல்ப்ரோன் என்ற ஊரில் திராட்சை மதுவைத் தயாரிப்பதும் விற்பதுமே ஒரு முழுப் பட்டப் படிப்பு. பரீட்சையை எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரிக்க எனக்குத் துணிவில்லை. இந்த வாக்கியத்தை மாமிக்குப் படிக்க வேண்டாம்.

நான் வங்கிப் பிரிவை எடுக்கச் சொன்னேன். அவள் சரக்குப் போக்குவரத்தும் லாஜிஸ்டிக்ஸும் சேர்ந்த பிரிவை எடுத்தாள். பெண்பிள்ளை கோட்டு சூட்டுடன் வங்கியில் உட்காருவதைக் கனவு கண்டிருந்த தகப்பனுக்கு, இரும்பு முனை வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு ஃபோர்க்லிஃப்டுகளுக்கு நடுவே அவள் நிற்கும் புகைப்படம் வந்தது. நிர்வாகம் என்பது என்ன என்பதை இதற்குள் எனக்கு வேறொருவர் போதிக்கத் தொடங்கியிருந்தபடியால், அதிகம் வாதாடாமல் விட்டுவிட்டேன்.

அந்தப் போதகர் எங்கள் கீழ்வீட்டு மூதாட்டியார். இந்த நாட்டின் இப்பகுதியில் ‘கேர்வோஹெ’ என்று ஒரு ஆசாரம் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் வாரத்துக்கு ஒரு குடித்தனம் முறை வைத்துப் படிக்கட்டையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை யாருடையதோ அவர்கள் கதவில் ஒரு சிறு மரப்பலகை தொங்கும். தாடிக்கார எபர்ஹார்ட் என்று பிரசித்தி பெற்ற பிரபு 1492-இல், கொலம்பஸ் நம் தேசத்தைத் தேடி வழிதவறிப்போன அதே வருஷத்தில், இந்நகர ஜனங்கள் தத்தம் குப்பையை வாராவாரம் அகற்ற வேண்டும் என்று சட்டம் வகுத்ததிலிருந்து இது வருகிறது என்று பெருமையுடன் சொல்லிக்கொள்கிறார்கள். பெருக்கி முடித்த பிறகு மூதாட்டியார் கைப்பிடிச் சட்டத்தில் ஒரு விரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிக்கொண்டு இறங்குவார். விரலைத் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். எத்தனையோ ஆடிட்டர்களை ஸ்டோர்ஸில் பார்த்தவன் நான். அந்த விரலுக்கு நடுங்கியதுபோல் எவருக்கும் நடுங்கியதில்லை.

முதல் மார்கழியில் எங்கள் முறை வந்தது. வீட்டில் அதிகாலையில் எழுந்து, படிகளை அப்பழுக்கின்றித் துடைத்து, பெருக்கிய வாசலை வெறுமையாக விட மனம் ஒப்பாமல், கீழ்ப்படியருகே அரிசிமாவால் எட்டுப்புள்ளிக் கோலம் ஒன்று இழைத்துவிட்டு வந்தாள். அரைமணியில் மணி ஒலித்தது. கையில் துடைப்பமும் முறமுமாக மூதாட்டியார் நின்றார். வேலை உத்தமமாக நடந்திருக்கிறது என்றும், ஆனால் யாரோ மாவு மூட்டையைக் கொட்டிவிட்டிருப்பதைக் கவனிக்காமல் வந்துவிட்டீர்கள் என்றும், தாமே கூட்டி அள்ளிவிட்டதாகவும், பரம மரியாதையுடன் தெரிவித்தார். முறத்தில் கோலம் இருந்தது. வீட்டில் அன்று முழுவதும் பேசவில்லை. “சரக்கில் குறையில்லை அம்மா, வாங்குகிறவரிடம் அது இன்னதென்று நீ முன்கூட்டிச் சொல்லவில்லை. மார்க்கெட்டிங் என்று தனியாக ஒரு பாடம் இருப்பது இதற்குத்தான்” என்றாள் மகள். மறுவருஷம் மூதாட்டியார் தம் பேத்தியை அழைத்துவந்து, ‘மாவுப் படம்’ போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்டார்.

நம் பையன் விஷயத்துக்கு வருகிறேன். மார்க்கெட்டிங்கைக் கோலத்தோடு சொல்லியாயிற்று; கல்லூரியில் அவனுக்குக் கொடுக்கும் மற்ற மூன்று பாடங்களும் நம்மூர் ரோட்டிலேயே விரிந்து கிடக்கின்றன. அவன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அவற்றைக் கடந்துபோகிறான் என்பதுதான் என் வருத்தம். ஹெச்.ஆர். என்றால் குளிர்சாதன அறை என்று நினைக்கும் அவன் அப்பாவை, ஒருநாள் வல்லம் வடகால் பக்கம் அழைத்துப் போங்கள். ஆலைப் பெண்கள் தங்குவதற்காக 2024 ஆகஸ்டில் சிப்காட் அங்கே திறந்த குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேருக்கும் தலையணை, குளிக்கத் தண்ணீர், ஷிப்ட் தவறாத பஸ், ஊருக்குப் போக லீவு, ஊரிலிருந்து பதற்றத்துடன் பேசும் அம்மாவுக்குப் பதில்: இவ்வளவும் அந்தப் பாடத்துக்குள் அடக்கம். அதே வருஷம் செப்டம்பரிலும் அக்டோபரிலும் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, புத்தகத்தில் ‘தொழில் உறவுகள்’ என்ற தலைப்பில் இருபது மதிப்பெண்ணுக்கு வரும் அத்தியாயம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தது. அவன் எட்டிப் பார்த்தானா என்று கேளுங்கள்.

மாமியின் ஃபைனான்ஸுக்கும் நம்மூரில் பாடம் உண்டு, அது சற்றுக் கசப்பானது. நோக்கியா 2006-இல் வந்தபோது தெருவுக்கு நான்கு பெண்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றதும், வீட்டு வாடகை ஏறியதும், தங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் செல்போன் பழுது பார்க்கும் பயிற்சி நிலையங்கள் மூன்று திறந்ததும் நினைவிருக்கும். வரி வழக்கில் ஆலைச் சொத்து முடங்கியது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அவர்களுடைய கைப்பேசித் தொழிலை வாங்கியபோது நம்மூர் ஆலை அந்தக் கிரயத்தில் சேரவில்லை. அவ்வருஷம் நவம்பர் முதல் தேதி இயந்திரங்கள் நின்றன. கையில் சாமர்த்தியமும் பழக்கமும் உள்ள ஆயிரக்கணக்கான பெண்கள், தாங்கள் ஒருநாளும் பார்த்திராத கணக்குப் புத்தகம் ஒன்றினால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஃபைனான்ஸ் எடுப்பதானால் அந்தப் பெண்களில் ஒருத்தியிடம் அரைமணி பேசிவிட்டு எடுக்கட்டும். எந்த ஆலை புதிதாக வருகிறதோ அதற்கேற்ற படிப்பு என்று ஓடுவதில் எனக்கு நம்பிக்கை குறைந்ததும் அந்த வருஷத்தில்தான்.

லாஜிஸ்டிக்ஸைப் பற்றிச் சொல்ல எனக்குப் பாத்தியதை இருக்கிறது. இருக்கை தைக்கும் கம்பெனி, கார் வரிசையில் அடுத்து வருவது எந்த நிறமோ அந்த நிறத்து இருக்கையை, அது தேவைப்படும் வேளைக்குக் கொஞ்சம் முன்னால், அதே வரிசைக் கிரமத்தில் கொண்டுவந்து இறக்க வேண்டும். முன்னால் வந்தால் வைக்க இடமில்லை, பின்னால் வந்தால் வரிசை நிற்கும். ஜப்பானில் டொயோட்டா கம்பெனியின் ஒஹ்னோ வளர்த்தெடுத்த தந்திரம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோவில் மடப்பள்ளியில் திரை போடும் வேளைக்குப் பொங்கல் ஆறாமலும் காத்திராமலும் வந்து நிற்பதைச் சிறுவயது முதல் பார்த்தவன் நான்; எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. ஒரகடம் மேம்பாலத்தடியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, வாலாஜாபாத் பக்கம் ரயிலேறப் போகும் கார்கள் எத்தனை, துறைமுகத்துக்குத் திரும்பும் டிரெய்லர்கள் எத்தனை என்று ஒரு மணி நேரம் எண்ணினால், பையனுக்கு இது பிடிக்குமா பிடிக்காதா என்பது டீ ஆறுமுன் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு சமாசாரம். சென்ற மாதம் மகளுக்குக் கம்பெனிப் பருவம். புதிதாக வந்த பேலட்டுகளைப் பிரித்து எண்ணும் வேலை. அவளுடைய மேற்பார்வையாளர் ஒரு பெட்டியின் சீட்டைப் படிக்க வெகு பிரயத்தனப்பட்டு, “ஓ-ரா-காடாம்” என்றாராம். “ஒரகடம்” என்று திருத்தினாள். எப்படித் தெரியும் என்று கேட்டாராம். என் அப்பாவின் மாமா அதற்குப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார், அவருடைய தொழிலே திருத்துவதுதான் என்று சொன்னாளாம். பிறகு எண்ணினாள். சீட்டில் 480 என்று இருந்தது. பெட்டியில் 478 இருந்தது. மூன்று தடவை எண்ணினாள். குறைவு என்று எழுதி அனுப்பத்தான் வேண்டும், அனுப்பினாள். அன்றிரவு சாப்பிடும்போது, நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பாயசம் குறைந்துவிட்டதாக யாரோ சொன்னதுபோல, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை அடைத்தவர் யார், இரவு ஷிப்டா, பயிற்சியில் இருக்கும் பிள்ளையா, எண்ணும் நேரத்தில் யாராவது கூப்பிட்டார்களா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஏன் வங்கியை எடுக்கவில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

பையனுக்குக் கோடை விடுமுறை வரும்போது, எந்தப் பாடம் என்பதை எழுதிக் கொடுக்குமுன், அந்தப் பக்கம் ஏதாவது ஒரு ஸ்டோர்ஸில் ஒரு மாதம் எண்ணச் சொல்லுங்கள். கேட்டிலே நிற்கும் செக்யூரிட்டி உள்ளே விடாவிட்டால் தங்கள் பழைய மாணவர் எவராவது அங்கே சூபர்வைசராக இருப்பார், இருந்தே தீர்வார்.

சலித்த கோலமாவு ஒரு கிலோ, யாராவது வந்தால் கொடுத்தனுப்பவும். மூதாட்டியாரின் பேத்தி இவ்வருஷம் தானே புள்ளி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நாளை காலை முதல் பலகை எங்கள் கதவில்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமான்

பி.கு.: முதல் பக்கத்தில் குறிப்பிட்ட அந்தச் சொல்லை அதற்குப் பிறகு எங்கும் எழுதாமல் ‘பிரயத்தனம்’ என்று போட்டுத் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். தாங்கள் கவனித்திருப்பீர்கள்.