பேராண்டி, பெல்ட் மெஷின் உனக்கு வேணாம்

நீ செஞ்ச வேப்பமர ஸ்டூலைப் பார்த்தேன் பேராண்டி. நாலு கால் வச்சிருக்க, மூணுதான் தரையைத் தொடுது. முக்காலின்னே சொல்லிக்க, ஊர்ல ஒருத்தன் கேக்க மாட்டான். அதுக்குள்ள துரைக்கு சாண்டிங் மெஷின் வேணுமாம். நம்ம ரெட்டிபாளையத்துல சுண்ணாம்புக்கல் லாரி கிளப்புற புழுதி பத்தலேன்னு வீட்டுக்குள்ளயே தூள் பறக்க விடப் போறியா? விடு, யாரு வேணாங்கிறா. ஆனா அந்த போன்ல எதைக் காட்டுனாலும் வாங்கிப்புடாத.

பெல்ட் மெஷினைக் காட்டி வாயைப் பொளந்தியே, அது உனக்கு ஆகாது. ரெண்டு உருளைக்கு நடுவுல உப்புத்தாள் பட்டை ஓடும். பெரிய பலகையை மட்டம் தட்டுறவனுக்கு அது சரி. உன் கை ஒரு எடத்துல கொஞ்சம் நின்னாப் போதும், அங்க பள்ளம் விழுந்துரும். தேக்குத்தோல் ஒட்டுன பிளைவுட்டுன்னா இன்னும் விசேஷம். அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. தேக்கு மேசைன்னு தேய்க்க ஆரம்பிச்சு, வெறும் பிளைவுட் மேசைன்னு முடிப்ப. ஆசாரிங்க நாலு இஞ்சு கிரைண்டர்ல வட்டு மாட்டித் தேய்க்கிறாங்களேன்னு கேக்காத. நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்துற சாமான் அது. அவங்க கைக்குக் கட்டுப்படும். உன் கைக்கு இளநி சீவுற அருவாளே கட்டுப்படல.

மிச்சம் ரெண்டு. ஒண்ணு சதுரக்கட்டை, சும்மா அதிரும். கடையில விக்கிற 9க்கு 11 இஞ்சுத் தாளை நாலாக் கிழிச்சா நாலு தடவைக்கு ஆச்சு. மூலை முடுக்குக்கும் போகும். என்ன, வேலை மெதுவா நடக்கும். இன்னொண்ணு அஞ்சு இஞ்சு வட்டம், ரேண்டம் ஆர்பிட்டல்ங்கிறான். கரகாட்டக்காரி கணக்கா சுத்திக்கிட்டே ஆடும். ஒரே தடத்துல திரும்பத் திரும்ப ஓடாததால கீறல் அவ்வளவா தெரியாது. மரத்து வரிக்குக் குறுக்க போனாலும் மன்னிச்சு விட்டுரும். உன்னை மாதிரி ஆளுக்கு மன்னிக்கிற மெஷின்தான் வேணும், இதையே வாங்கு. 300 வாட் தாராளம். வேகம் கூட்டக் குறைக்க ஒரு திருகு இருக்கணும். வாங்குறதுக்கு முன்னாடி வட்டத்தாள் அரியலூர்ல கிடைக்குதான்னு விசாரி. தாள்ல இருக்கிற ஓட்டையும் மெஷின் அடியில இருக்கிற ஓட்டையும் பொருந்தணும். இல்லேன்னா தூள் பைக்குப் போகாது, உன் மூக்குக்குத்தான் போகும்.

ஓட்டுறப்ப அமுக்காத. உன் கை அதும்மேல சும்மா இருந்தாப் போதும், அதோட எடையே தேய்க்கும். அமுக்குனா சுத்து செத்துப்போயி பன்னிவால் பன்னிவாலா கீறல் விழும். அது பாலிஷ் அடிச்ச பிற்பாடுதான் பல்லிளிக்கும், விருந்தாளி வந்து உக்காந்திருக்கிற நேரம் பார்த்து. முதல்ல 80 நம்பர் தாள், அப்புறம் 120, அப்புறம் 180. நடுவுல ஒண்ணைத் தாண்டுனா முந்தின தாள் போட்ட கீறல் அப்படியே நிக்கும். வார்னிஷுக்கு 180, மிஞ்சிப் போனா 220. அதுக்கு மேல வழவழப்பாக்குனா கலர்ச் சாயம் மரத்துல ஏறாது. கன்னம் வழவழன்னு வேணும்னா சலூனுக்குப் போ.

பக்கத்துல பெரம்பலூர் மாவட்டத்துல அரும்பாவூர் இருக்கு. அங்க செய்யிற மரச்சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. வாகை, மா, வேம்புன்னு எடுத்து, பெரும்பாலும் ஒரே கட்டையில சாமியைச் செதுக்குறாங்க. ஒருநாள் போய்ப் பாரு. பார்த்துட்டு வந்த வேகத்துல நீயும் ஒரு பிள்ளையாரைச் செதுக்கி மெஷினை வச்சிராத. தட்டை வட்டு தட்டையான எடத்துக்குத்தான். தும்பிக்கையை மழிச்சுப்புட்டு யாரு சாமி இதுன்னு என்னைக் கேப்ப. செதுக்கு வேலைக்குத் தாளை மடிச்சு விரலால தேய்க்கணும். ஸ்டூல் காலும் அப்படித்தான், குட்டைக் காலை மெஷின் நீட்டாது. முதல்ல அதை உளியும் இழைப்புளியும் வச்சுச் சரிபண்ணு.

இப்ப விளையாட்டை விட்டுட்டுச் சொல்றேன், கேளு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குற சாமான் பட்டியல்ல சேர்த்து வருசம் பல ஆச்சு, 1995-லயே அறிக்கை வந்துருச்சு. முக்கியமா மூக்குக்குத்தான் கெடுதி. கொரோனாவுக்கு வாங்குன என்-95 மாஸ்க் பரண்ல கிடந்தா எடுத்துப் போடு. மெஷின்ல தொங்குற துணிப்பை பாதித் தூளைப் புடிச்சா அதிகம். பழைய வாக்கம் கிளீனர் இருந்தா அதோட குழாயைச் சொருகு.

நம்ம வாசக் கதவுல மெஷினை வைக்கணும்னு ஒரு யோசனை வச்சிருக்கியே, அதை மட்டும் செய்யாத. அது உங்க அப்பன் பொறக்கிறதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்டு. அந்தக் காலத்துப் பெயிண்டுல ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கப்புடாதுங்கிற சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதைச் சொரண்டித் தூளாக்குனா வீட்டுல தவழுற புள்ளை வாயிலதான் போகும்.

மத்தபடி வாங்கிக்க ராசா. மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் வச்சு ஓட்டு. அப்பாயி வடகம் காயவச்சிருக்கிற நாளாப் பார்த்து ஓட்டுனின்னா, மெஷினுக்கு கியாரண்டி உண்டு, உனக்குக் கிடையாது.