தூக்கி நிறுத்த ஆளில்லை

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துப் பெருமாள் பூமியையே தூக்கி நிறுத்தியவர். அவர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாமாவின் ஜெர்மன் எஸ்யூவியைத் தூக்கி நிறுத்தத்தான் ஆளில்லை. புதிதில் எண்பது லட்சம் விலைபோன வண்டி, பத்து வயதில் பதினைந்துக்குப் படிந்தது. வண்டியின் விலை இறங்கிய செய்தி உதிரிபாகங்களுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

இரவு நிமிர்ந்து நிற்கும்; விடிந்தால் முன்பக்கம் தரையோடு தரையாகக் கிடக்கும். ஏர் சஸ்பென்ஷனின் ரப்பர் பையில் வெடிப்பு. கசிகிற காற்றை நிரப்பி நிரப்பி ஓய்வில்லாமல் ஓடிய கம்ப்ரசரும் கருகிவிட்டது. "ஒரு பக்கம் மாத்தினா மறுபக்கமும் மாத்தணும் சாமி" என்றார் மெக்கானிக், லட்சத்தைச் சில்லறைபோல் உச்சரித்து.

டீசல் வண்டியின் புகைவடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துக்கொள்ள நெடுஞ்சாலையில் சூடேற ஓட வேண்டும். மாமாவின் அதிகபட்சப் பயணமோ பழவங்காடி கணபதி வரை. தேங்காய் உடைத்துத் திரும்புவதற்குள் மஞ்சள் விளக்கு எரியும். அதனால் ஞாயிறுதோறும் வேலையே இல்லாமல் கழக்கூட்டம் பைபாஸுக்குப் போய்வருகிறார்; டீசல் செலவு தனிக்கணக்கு.

2025 செப்டம்பரில், பூட்டான் வழியாக வந்த பழைய சொகுசு வண்டிகளைத் தேடிச் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று கேரளமெங்கும் இறங்கியது. நடிகர்கள் வீடு வரைக்கும் போனார்கள். மாமாவின் காகிதங்கள் சுத்தம், பயமில்லை. மாமிக்குத்தான் மனத்தாங்கல்: "நம்மாத்துக்கும் வந்து எடுத்துண்டு போகப்படாதோ?"