அடுப்பை மாற்றலாம், அப்பத்தாவை?

இந்த இதழுக்கு வந்த தபால்களைப் பிரித்ததும் கண் எரிந்தது. எல்லாம் விறகு அடுப்புக் கேள்விகள். ஊர்களை மட்டும் போட்டிருக்கிறோம். பேரைப் போட்டால் வீட்டில் சண்டை வரும்.

விறகு அடுப்பை எடுத்துவிட்டு கேஸ் வைக்கலாம் என்றால், "நான் போனப்புறம் என்ன வேணா பண்ணிக்குங்க" என்கிறார் எங்கள் அப்பத்தா. எப்படிச் சம்மதிக்க வைப்பது? (வாசகி, சிவகங்கை)

ஒரு நாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அந்த அடுப்பு என்னென்ன வேலை பார்க்கிறது என்று எழுதுங்கள். விடிகாலையில் குளிக்க வெந்நீர். பிறகு உலை. பக்கத்துக் கொடியடுப்பில், தனியாக ஒரு சுள்ளிகூட வைக்காமலே குழம்பு கொதிக்கிறது. சமையல் முடிந்ததும் தணலில் பால். மேலே பரணில் விதைக்குக் கட்டித் தொங்கவிட்ட சோளக்கதிர். சாயங்காலம் மாட்டுக்குக் கஞ்சி. கடைசியில் பாத்திரம் தேய்க்கச் சாம்பல். ஏழு வேலை பார்க்கும் ஆளை நிறுத்திவிட்டு, ஒரு வேலை மட்டும் தெரிந்தவரைச் சேர்க்கப் போகிறீர்கள். அப்பத்தாவுக்குக் கோபம் கேஸ் மேல் இல்லை, இந்த ஆட்குறைப்பின் மேல். மீதி ஆறு வேலைக்கும் யார் பொறுப்பு என்று சொல்லுங்கள். பாதி சண்டை தீர்ந்துவிடும்.

தோட்டத்தில் விறகு சும்மா கிடக்கிறது. காசு கொடுத்து கேஸ் வாங்குவது தண்டச்செலவு இல்லையா? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

"சும்மா" என்று எழுதிய கைதான் அதைப் பொறுக்கி, வெட்டி, கட்டாகக் கட்டிச் சுமக்கிறதா? கணக்குக்கு வருவோம். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. திறந்த அடுப்பில் அதில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். மீதி சுவருக்கும் கூரைக்கும் சமைப்பவர் முகத்துக்கும். கேஸில் கிலோவுக்குச் சுமார் 11,000. ஐ.எஸ்.ஐ. முத்திரை அடுப்பென்றால் நூற்றுக்கு 68 பங்காவது பாத்திரத்தில் ஏற வேண்டும் என்பது விதி. பெருக்கிப் பார்த்தால் ஒரு கிலோ கேஸ், 15 கிலோ விறகு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 200 கிலோவுக்கு மேற்பட்ட விறகின் வேலையைச் செய்கிறது. ஒரு மாதம் அந்த விறகை நீங்களே சுமந்து பாருங்கள். "சும்மா" என்பதன் விலை தோளில் தெரியும்.

விறகு அடுப்பு ருசி கேஸில் வருமா? (வாசகர், காரைக்குடி)

குழம்புக்கு ருசி கொடுத்தது விறகு இல்லை, அவசரமின்மை. தீ அணைந்த பிறகும் தணலில் ஒரு மணி நேரம் சட்டி கிடக்கும். கேஸில் நாம்தான் குமிழை மூடிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுகிறோம். மண்சட்டியை கேஸிலும் ஏற்றலாம். எடுத்ததுமே பெருந்தீ வைக்காமல் சிறுதீயில் சூடேற்றினால் விரிசல் விடாது. மூடி போட்ட பானைக்குள் புகை போவதில்லை. ஆகவே சாம்பாருக்குப் புகைவாசம் வருகிறது என்பது பாசம். சுட்ட கத்திரிக்காய், கருவாடு, அப்பளம் இவற்றுக்குத்தான் தணல் தேவை. அந்த வழக்கில் நானும் உங்கள் கட்சி.

புகை இருந்தால் கொசு வராதே? (வாசகர், மன்னார்குடி)

கொசு வெளியே போய்க் காத்திருக்கும். உலை வைத்தவர் போக முடியாது.

எங்கள் பாட்டி எண்பது வயது வரை புகையில்தான் சமைத்தார். ஒன்றும் ஆகவில்லையே? (வாசகர், அரூர்)

ஒன்றும் ஆகாத பாட்டிகள்தான் பேரனுக்குக் கதை சொல்ல இருப்பார்கள். மற்றவர்களின் கணக்கை உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் 2020-ல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக அது மதிப்பிடுகிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பக்கவாதம், மாரடைப்பு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், புற்றுநோய், பிள்ளைகளுக்கு நிமோனியா என்று பட்டியல் போகிறது. இறப்புச் சான்றிதழில் "அடுப்பு" என்று யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் அடுப்புக்கு நல்ல பெயர்.

அப்படியானால் கேஸ் வந்த மறுநாளே எல்லா நோயும் போய்விடுமா? (வாசகி, விழுப்புரம்)

உங்கள் மாவட்டமே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஹாபின் என்ற ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு 18 மாதம் இலவச கேஸ். மீதிப் பேர் வழக்கமான அடுப்பில் சமைத்தார்கள். விறகு வீட்டுப் பெண்கள் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்கு 71 மைக்ரோகிராம் அளவில் இருந்த நுண்துகள், கேஸ் வீடுகளில் 24 ஆக இறங்கியது. ஆனால் 2022-ல் வெளியான முடிவில், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. புகை குறைந்தது உண்மை. எடை கூடாததும் உண்மை. தெருவில் குப்பை எரிந்தால், பக்கத்து வீட்டில் விறகு புகைந்தால் உங்கள் கேஸ் அடுப்பு என்ன செய்யும்? கண்ணெரிச்சலும் இருமலும் குறையும் என்று நம்பி மாற்றுங்கள். சர்வரோக நிவாரணி என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

சர்க்கார் ஒரு காலத்தில் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தார்களே, எங்கே போனது? (வாசகர், திருவண்ணாமலை)

பல ஊர்களில் உடைந்த குழாய் மட்டும் சாட்சியாக நின்றது. யோசனை பழையது. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு இதைப் பற்றி 1953-லேயே நூல் போட்டார். அது அச்சானது சென்னையில். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு மூன்று பாத்திரம் வைக்கும் அடுப்பை வடிவமைத்தது. மத்திய அரசின் திட்டம் 1983-ல் தொடங்கி 2002-ல் முடிந்தது. எத்தனை அடுப்பு கட்டினோம் என்று எண்ணினார்களே தவிர, எத்தனை எரிகிறது என்று போய்ப் பார்த்தவர்கள் குறைவு. அடுப்பின் வாய் சிறியது, வீட்டில் இருந்த விறகோ பெரியது. பெண்கள் விறகைப் பிளக்கவில்லை, அடுப்பின் வாயைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். குழாயில் கரி அடைத்தது, தட்டிவிட ஆளில்லை. சமைப்பவரைக் கேட்காமல் அடுப்பு வடிவமைத்தால், அது திறப்பு விழா அன்று மட்டும் நன்றாக எரியும்.

இப்போதைக்கு கேஸ் வாங்க வசதியில்லை. இருக்கிற அடுப்பையே சரி செய்ய முடியுமா? (வாசகி, பரமக்குடி)

முடியும். முதல் வைத்தியம் விறகுக்கு. பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் முதல் தீ செலவாகிறது, புகையும் அதனால்தான். உங்கள் பக்கத்தில் கிடைக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, பிளந்து, மழை படாமல் சில மாதம் அடுக்கி வைத்தபின் எரியுங்கள். இரண்டாவது, அடிக்காற்று. விறகைத் தரையில் வைக்காமல் கம்பித் தட்டின்மேல் வைத்தால் கீழிருந்து காற்று ஏறும், ஊதுகுழலுக்கு வேலை குறையும். மூன்றாவது, புகைபோக்கி. அதன் வாய் கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயரமாக இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் காற்று புகையைத் திருப்பி உங்களிடமே அனுப்பும். மாதம் ஒருமுறை கரியைத் தட்டிவிடுங்கள். இது எதுவும் முடியாவிட்டால் அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். செலவில்லாத புகைபோக்கி ஆகாயம்.

புகை போனால் கூரையைக் கரையான் அரிக்கும் என்கிறார்களே? (வாசகர், வேதாரண்யம்)

உண்மைதான். கீற்றுக்கும் மூங்கிலுக்கும் புகை ஒரு காவல். அதற்காக நுரையீரலைப் பணயம் வைக்க வேண்டாம். கீற்றை மாற்றலாம், மற்றதை மாற்ற முடியாது. பரணில் தொங்கிய விதைக்கும் வழி உண்டு: வெயிலில் நன்றாகக் காயவைத்து, சலித்த சாம்பலோ உலர்ந்த வேப்பிலையோ கலந்து, காற்றுப் புகாத டின்னில் போட்டு மூடுங்கள்.

கேஸ் வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் வெந்நீருக்கு விறகுதான். மனைவியைத் திருத்துவது எப்படி? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

திருத்த வேண்டியது உங்கள் கணக்கை. ஒரு பக்கெட் என்பது 20 லிட்டர். அதைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர 18 டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 48 கிராம் கேஸ். நான்கு பேர் தினம் குளித்தால் மாதம் 6 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சிலிண்டரில் நூற்றுக்கு நாற்பது பங்கு சோப்பு நுரையோடு சாக்கடைக்குப் போகும். உங்கள் மனைவி கணக்கில் கெட்டி. வெந்நீர் அடுப்பைக் கொல்லைப்புறம் மாற்றிக் கொடுங்கள். கையில் காசு சேர்ந்ததும் மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: சிலிண்டர் இருக்கும் அறையில் விறகு அடுப்பை மூட்டவே கூடாது. இரண்டும் பங்காளிகள், ஒரே அறையில் ஆகாது.

வாஸ்துப்படி சிலிண்டரை எந்த மூலையில் வைக்கலாம்? (வாசகர், நாமக்கல்)

அக்னி மூலை தென்கிழக்கு என்பார்கள். கேஸ் வாஸ்து படித்ததில்லை. அது காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையில் படுக்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, தரையோரம் ஒரு காற்றுத்துளை வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தித் தரையிலும் அடுப்பை அதற்கு மேலே மேடையிலும் வையுங்கள். பள்ளத்திலோ மூடிய அலமாரியிலோ சிலிண்டர் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பதித்த ஆரஞ்சுக் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாசம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

சிலிண்டர் கழுத்தில் "பி-27" என்று எழுதியிருக்கிறது. என்ன அது? (வாசகி, தென்காசி)

சிலிண்டரை அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் எழுதியிருப்பார்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். உங்களுடையது 2027 ஜூன் வரை. கெடு தாண்டிய சிலிண்டர் வாசலுக்கு வந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிற நாம் இதைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

நேராக இண்டக்‌ஷனுக்குத் தாவிவிடலாமா? (வாசகர், ஓசூர்)

முதலில் ஒரு காந்தத்தை எடுத்து அடுப்பங்கரைக்குப் போங்கள். ஒட்டுகிற பாத்திரம் வேலை செய்யும். மண்சட்டி, அலுமினியம், பித்தளை ஒட்டாது. எவர்சில்வரில் சிலது ஒட்டும், சிலது ஏமாற்றும். 1,500 வாட் வேகத்தில் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்தில் 90. தமிழ்நாட்டில் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் பத்து மிஞ்சும். கரண்ட் போனால் அன்று பழையசோறு. இரண்டாவது அடுப்பாக வாங்கலாம்.

நான்கு மாடு இருக்கிறது. சாண எரிவாயு கட்டுப்படியாகுமா? (வாசகர், சத்தியமங்கலம்)

ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ சாணம். அந்த வாயு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கேஸுக்குச் சமம். நான்கு மாட்டில் சிறு குடும்பத்தின் சமையல் தாராளமாக நடக்கும். வெளியே வரும் கழிவு நல்ல எரு. நிபந்தனை ஒன்றுதான்: தினம் சாணம் கரைத்து ஊற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று கலன் கட்டுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடியுங்கள்.

எங்கள் ஊர்க் குளிருக்கு விறகு அடுப்புதான் கதகதப்பு. அதை எடுத்துவிட்டு ராத்திரி கரி அள்ளிவைத்துக் குளிர் காயலாமா? (வாசகி, கோத்தகிரி)

கூடவே கூடாது. புகையாவது கண்ணைக் கரித்து எழுப்பிவிடும். மூடிய அறையில் கரித்தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தூங்கியவர் தூங்கியவர்தான். கம்பளி, வெந்நீர்ப் பை, இல்லாவிட்டால் ஒழுங்கான புகைபோக்கி வைத்த கணப்பு. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பழைய அடுப்பை இடித்துவிட்டால் பொங்கலுக்கு என்ன செய்வது? (வாசகி, தஞ்சாவூர்)

வாசலில் மூன்று செங்கல். பொங்கல் பொங்குவதற்கு வருஷம் முழுக்கப் புகை குடிக்க வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை.

கேஸ் அடுப்பு வந்தால் வீட்டு ஆண்களும் சமைப்பார்களா? (வாசகி, கும்பகோணம்)

தீ மூட்டத் தெரியாது, புகை ஒத்துக்கொள்ளாது, விறகு பிளக்க இடுப்பு வளையாது என்று இதுவரை சொன்ன மூன்று சாக்கும் சிலிண்டர் வந்த அன்றே காலி. வீட்டுக்காரர் நான்காவது சாக்கு எதையாவது கண்டுபிடித்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். அதுவரை குமிழைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் எரியும் என்று அவருக்குச் சொல்லி வையுங்கள்.