தூக்குப்போசி திரும்பும் விதி: ஒரு பொங்கல் கால ஆய்வு

தோற்றுவாய்

எதையெதையோ ஆராய்ந்து பட்டம் வாங்கிவிட்டார்கள். பொங்கலன்று பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் சுமந்துபோன தூக்குப்போசி எப்போது, எதைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறது என்பதை மட்டும் யாரும் தொடவில்லை. தொல்காப்பியரும் இதற்கு நூற்பா செய்யவில்லை. அவர் காலத்தில் எவர்சில்வர் இல்லாததால் மன்னிக்கலாம்.

ஆய்வுக்களம், கோவையில் எங்கள் தெரு. ஆய்வுக்காலம், போகியன்று சாயங்காலம் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டியதில் தொடங்கி, கடைசிப் போசி வீடு வந்து சேரும்வரை. சில வருடம் அது மாசியைத் தாண்டும்.

சொல்லாய்வு

மற்ற சீமைக்காரர்களுக்குப் பாத்திரம், எங்களுக்குப் போசி. பிடியும் மூடியும் சேர்ந்தால் தூக்குப்போசி. பாட்டி காலத்துப் போசி பித்தளை, திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்துப் பட்டறைச் சரக்கு. அம்மா காலத்தில் எவர்சில்வர் வந்தது. கூடவே பேர் வெட்டும் மெஷினும் வந்தது. கடைக்காரர் டர்ரென்று புள்ளி புள்ளியாக இனிஷியல் பொறித்துத் தருவார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைத் தடவிப் படிக்கிறவர்கள்கூட, இருபது வருடம் தேய்த்துத் துலக்கிய இந்த எழுத்துக்கு முன்னால் திணறுவார்கள். 'சு' என்று ஒரு கட்சி, 'க' என்று ஒரு கட்சி. போசி யாருடையது என்ற வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

சிக்கல்

எல்லா வீட்டிலும் வேகிறது ஒன்றே: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய். ஒரு வீட்டில் ஊத்துக்குளி நெய் ஒரு கரண்டி கூடலாம். இன்னொரு வீட்டில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டுவிட்டு, "பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே இங்கிருந்துதான் போகுது" என்று பெருமை பேசலாம். அவ்வளவே வித்தியாசம். நாங்கள் ஐந்து வீட்டுக்குக் கொடுக்கிறோம். அந்த ஐந்து வீட்டிலிருந்தும் எங்களுக்கு வருகிறது. சாயங்காலம் கணக்குப் பார்த்தால் காலையில் இருந்த அதே அளவு பொங்கல் அடுப்படியில் இருக்கிறது. பொருளியல் படித்தவர்கள் இதை வெட்டிவேலை என்பார்கள். அவர்கள் போசியைப் பார்க்கவில்லை, பொங்கலைத்தான் பார்த்தார்கள்.

முன்னோர் ஆய்வு

மலினோவ்ஸ்கி என்ற அறிஞர் பசிபிக்கில் டிரோப்ரியாண்ட் தீவுகளுக்குப் போய்த் தங்கி, 1922-இல் ஒரு புத்தகம் போட்டார். அந்தத் தீவுக்காரர்கள் சிவப்புச் சிப்பி மாலைகளை வலச்சுற்றாகவும், வெள்ளைச் சங்கு வளையங்களை இடச்சுற்றாகவும் தீவுக்குத் தீவு படகில் கொண்டுபோய்க் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. இந்த வட்டத்துக்குக் 'குலா' என்று பேர். மூன்று வருடம் கழித்து மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர், அன்பளிப்பில் மூன்று கடமைகள் உண்டு என்று எழுதினார்: கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது.

எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் அவர் நான்காவதையும் சேர்த்திருப்பார்: மூடியின் விளிம்பில் பிசினாக இறுகிப்போன வெல்லப்பாகைச் சுரண்டி, துலக்கித் தருவது.

விதி

வந்த போசி வெறுமனே திரும்பக் கூடாது. ஆய்வின் மையம் இதுதான். கண்ணால் கண்ட சாட்சி:

"அத்தை, போசிய வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்."

"இரு அம்மிணி, வெறும் போசியவா குடுத்தனுப்பறது?"

"ஒண்ணும் வேண்டாமுங் அத்தை, அம்மா திட்டுவாங்க."

"திட்டுனா நாஞ்சொல்லிக்கறேன். நில்லு."

அம்மா பொடக்காளிக்குப் போய் நாலு இணுக்குக் கறிவேப்பிலை ஒடித்து வந்து போசிக்குள் போட்டாள். அதற்குமேல் இரண்டு முறுக்கு. போசி போனது. ஆனால் கணக்கு தீரவில்லை. முறுக்குக்குப் பதில் மறுவாரம் அவர்கள் தோட்டத்து முருங்கைக்காய் வந்தது, வேறொரு போசியில். அந்தப் போசி இப்போது எங்கள் வீட்டில். ஆக, கடன் தீர்வதே இல்லை, வடிவம்தான் மாறுகிறது.

பண்டிகைக் காலப் பற்றாக்குறை

இரண்டாம் நாள் பட்டிப் பொங்கல். தோட்டத்தில் மாட்டுப் பட்டியிலேயே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். ஆளுக்கு ஒரு போசி அங்கிருந்தும் கிளம்பும். மூன்றாம் நாள் பெண் பிள்ளைகள் ஆவாரம்பூ பறிக்கப் போகும்போது முறுக்கும் கரும்பும் கட்டுச்சோறும் எடுத்துப் போக வேண்டும். அன்று காலையில்தான் வீட்டில் ஒரு போசிகூட இல்லை என்பது தெரியவரும். எல்லாம் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். கையில் அகப்படுவது அடுத்த வீட்டுப் போசி. அதிலேயே கட்டிக் கொடுத்தனுப்புவோம். பூப்பறிக்கிற இடத்தில் அந்த வீட்டுப் பிள்ளை பார்த்து, "இது எங்கூட்டுப் போசியாச்சே" என்று சொல்லாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

எதிர்வாதம்

இப்போது சில வீடுகளில் ஓட்டல் பிரியாணி வந்த பிளாஸ்டிக் டப்பாவில் பொங்கல் கொடுத்துவிட்டு, "டப்பா திருப்பித் தர வேண்டாமுங்" என்கிறார்கள். வசதிதான். துலக்க வேண்டியதில்லை, பேர் வெட்ட வேண்டியதில்லை, வழக்கும் இல்லை. ஆனால் திரும்ப வேண்டாத டப்பா கதவைத் தட்டாது. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் வேலையில்லை. அந்த வீட்டோடு பேச்சு அடுத்த தை வரை காத்திருக்கும்.

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி சொல்லும் நாள். 1941-இல் சட்டம் போட்டு நாள் குறித்தார்கள். மிஞ்சிய வான்கோழியை விருந்தாளிகளுக்கு டப்பாவில் போட்டுக் கொடுப்பது அங்கேயும் உண்டு. அந்த டப்பா திரும்பி வருகிறதா, வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அங்கேயுள்ள கொங்குப் பிள்ளைகள்தான் ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

முடிவுரை

சூரியனுக்கும் மாட்டுக்கும் மூன்று நாளில் நன்றி சொல்லி முடித்துவிடலாம். அண்டை வீட்டுக்கு முடிக்கக் கூடாது. முடித்துவிட்டால் போக வர வேலையில்லை. அதற்காகத்தான் போசி இன்னும் பாக்கி இருக்கிறது.

பி.கு.: முந்தைய பொங்கலிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு தூக்குப்போசி நிற்கிறது. அடியில் 'சு' அல்லது 'க'. மூடி கொஞ்சம் நசுங்கியிருக்கும். உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். வெறும் போசியாகத் தர மாட்டோம்.