‘அப்புறம்’ சார்

எந்த ஆபீசிலும் ஒரு ‘அப்புறம்’ சார் இருப்பார். கம்பெனி கொடுத்த போன் அப்டேட் கேட்டுக் கெஞ்சும்போதெல்லாம் அவருடைய கட்டைவிரல் ‘பிறகு நினைவூட்டு’ பட்டனில்தான் போய் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டே அழுத்துவார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐடி பையன் செக்‌ஷன் செக்‌ஷனாக வந்து எல்லார் போனையும் பார்த்துப் பேப்பரில் குறித்துக்கொள்வான். அன்றைக்கென்று சாருக்கு வெளியே மீட்டிங் வந்துவிடும். இந்தத் தடவை லிஃப்டில் மாட்டிக்கொண்டார்.

“என் போன்ல திருட என்ன தம்பி இருக்கு?”

செட்டிங்ஸில் செக்யூரிட்டி பேட்ச் தேதி பதினான்கு மாதம் பழசு. கூகுள் 2015-லிருந்து மாதாமாதம் ஆண்ட்ராய்டில் அடைத்த ஓட்டைகளைப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. அந்தப் பட்டியலைத் திருடனும் படிப்பான். அடைக்காமல் விட்டவர் வீட்டுக்குத் தண்டோரா போட்டு வழி சொன்ன மாதிரிதான்.

டவுன்லோடில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. பெயரின் வாலில் ‘ஏபிகே’. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். இது ஒரு ஆப். உள்ளே விட்டால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு, ஓடிபியைச் சுருட்டிக்கொண்டு போகிற ரகம்.

“பத்து தடவை அமுக்கியும் திறக்கலப்பா. எந்த மண்டபம்னே தெரியாம மொய் எழுதப் போகல. உங்க போன் சரியில்ல!”

வெளி ஆப் எதுவும் ஏறாதபடி கம்பெனி போட்டிருந்த தடைதான் காப்பாற்றியது என்று பையன் சொன்னான்.

“தெரியாத நம்பர்னா நான் எடுக்கவே மாட்டேன்” என்று சார் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். அதுவும் செல்லவில்லை. 2019 மே மாதம் வாட்ஸ்அப்பே ஒப்புக்கொண்ட ஓட்டை ஒன்று இருந்தது: கால் வந்தாலே போதும், எடுக்காவிட்டாலும் உளவு மென்பொருள் நுழைய முடிந்தது. அதற்கும் மருந்து அப்டேட்தான், வாட்ஸ்அப்பினுடையது.

பையன் சாரை அவர் சீட்டுக்கே கூட்டிப்போய், பக்கத்திலேயே நின்று அப்டேட் போடவைத்தான். போன் அணைந்து எழுந்தது. சார் விரலை வைத்தார். ரீஸ்டார்ட் ஆனால் முதல் தடவை கைரேகை செல்லாது, பின் நம்பர்தான் வேண்டும். சாருக்கு முகம் வெளிறியது. இத்தனை நாள் ‘அப்புறம், அப்புறம்’ என்று தள்ளியதன் ரகசியம் அப்போதுதான் வெளியே வந்தது.

மேஜை போனில் வீட்டுக்கு அடித்தார். பழக்கதோஷம், ஸ்பீக்கரில்.

“நம்ம பழைய ஸ்கூட்டர் நம்பர் என்னம்மா?”

“அதை வித்து ஆறு வருஷமாச்சே, இப்ப எதுக்கு?” என்றபடி அம்மையார் நாலு எண்ணையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். செக்‌ஷன் முழுக்கக் கேட்டது. பையன் பேப்பரில் இன்னொரு வரி எழுதினான்.